யார் யாரைச் சோதிக்க வேண்டும்? பல்கலைக்கழக வைஃபையும் நாம் படிக்காமல் அழுத்தும் பொத்தானும்

பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் லேப்டாப்பைத் திறக்கிறார். வைஃபை பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் பூட்டுக் குறியோடு தெரிகிறது. அதைத் தேர்ந்தெடுத்தால், வீட்டில் கேட்பதுபோல் ஒரே ஒரு கடவுச்சொல்லைக் கேட்காமல், பயனர்பெயர், கடவுச்சொல் என இரண்டு கட்டங்கள் வருகின்றன. இரண்டையும் நிரப்புகிறார். உடனே இன்னொரு சிறு பெட்டி எழுகிறது: இந்தச் சர்வரின் சான்றிதழை நம்பலாமா? தொடர்ந்து இணைக்கவா? வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ‘சரி’ என்று அழுத்துகிறார். இணைப்பு கிடைத்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிப் பெட்டியைப் பற்றியது. சான்றிதழ் என்பது சர்வர் தான் யார் என்று காட்டும் மின்னணு அடையாள அட்டை. பல்கலைக்கழகம் நம்மைச் சோதித்து உள்ளே விடும் பகுதி பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. நாம் பல்கலைக்கழகத்தைச் சோதிக்க வேண்டிய பகுதியைத்தான் ஒரே சொடுக்கில் தாண்டிவிடுகிறோம். ஏற்பாடு முழுவதும் தாங்கி நிற்பது அந்த இரண்டாவது பகுதியின் மேல்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் நெடுநாள் தெரியாது. முதன்முதலில் என் லேப்டாப்பை இப்படி இணைத்தபோது கையில் கொடுக்கப்பட்ட வழிகாட்டித் தாளிலேயே, ‘சான்றிதழைச் சரிபார்’ என்ற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள் என்று அச்சிட்டிருந்தது. எடுத்துவிட்டேன்.

ஒரே கடவுச்சொல் ஏன் போதாது

வீட்டு ரவுட்டரில் நாம் வைக்கும் வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில் அந்தச் சொல்லையும் நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து 4096 சுற்று கணக்கிட்டு 256 பிட் சாவி ஒன்றை உருவாக்குகிறார்கள். வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் அடிப்படைச் சாவி அதுதான். ஒரு கருவி இணையும்போது அதற்கும் ரவுட்டருக்கும் இடையே நான்கு செய்திகள் போய்வரும். அதிலிருந்து அந்த இணைப்புக்கு மட்டுமான தற்காலிகச் சாவி பிறக்கும். ஆனால் வீட்டுக் கடவுச்சொல் தெரிந்த ஒருவர் அந்த நான்கு செய்திகளையும் காற்றிலிருந்து பதிவு செய்துகொண்டால், தற்காலிகச் சாவியையும் அவரே கணக்கிட்டுவிடலாம். ஒரு குடும்பத்துக்குள் இது பிரச்சினை இல்லை.

ஆயிரக்கணக்கானோர் கூடும் வளாகத்தில் இது தாங்காது. எல்லாருக்கும் தெரிந்த கடவுச்சொல் ரகசியமே அல்ல. ஒருவர் படிப்பை முடித்து வெளியேறினால் அவரை மட்டும் தடுக்க வழியில்லை. கடவுச்சொல்லை மாற்றினால் அத்தனை பேரும் மறுபடி இணைக்க வேண்டும். நெட்வொர்க்கில் ஏதேனும் தவறு நடந்தால் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

பூட்டில்லாத வைஃபையை வைத்து, உலாவியைத் திறந்ததும் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டுவது இன்னொரு வழி. விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் பார்த்திருப்போம். அங்கே யார் என்று கேட்கிறார்களே தவிர, கணினிக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே போகும் தரவு வைஃபை மட்டத்தில் குறியாக்கம் செய்யப்படுவதில்லை. அந்த உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே இன்னொன்றைச் செய்து வைப்பதும் கடினமல்ல.

ஆகவே பல்கலைக்கழகங்கள் ‘எண்டர்பிரைஸ்’ என்று குறிப்பிடப்படும் முறையை எடுத்துக்கொண்டன. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர், தனிக் கடவுச்சொல், ஒவ்வொரு இணைப்புக்கும் வேறு யாராலும் கணக்கிட முடியாத தனிச் சாவி. பூட்டும் தனி, சாவியும் தனி.

டெலிபோன் காலத்துச் சொத்து

இந்த முறையின் பாகங்கள் பலவும் வைஃபைக்காகப் பிறந்தவை அல்ல என்பது தெரிந்தால் அதன் வளைவு நெளிவுகள் விளங்கும். ரேடியஸ் என்ற நெறிமுறை 1991இல் லிவிங்ஸ்டன் எண்டர்பிரைசஸ் நிறுவனம் மெரிட் நெட்வொர்க்குக்காக உருவாக்கியது. மோடம் வழியாகத் தொலைபேசியில் அழைத்து இணையத்துக்குள் வருபவர்களை அடையாளம் காண்பதுதான் அப்போது அதன் வேலை. அடையாளச் சோதனைக்கான உரையாடலைச் சுமக்கும் ஈஏபி என்ற இன்னொரு பாகமும் 1998இல் அதே டயல்-அப் இணைப்புகளுக்காக வரையறுக்கப்பட்டது. 2001இல் வந்த 802.1எக்ஸ் தரநிலை, கம்பி நெட்வொர்க்கின் சுவிட்சில் ஒரு துளைக்குள் கேபிளைச் செருகுபவர் யார் என்று கேட்பதற்கானது.

வைஃபையோ 1997இல் வெளிவந்த 802.11 தரநிலையோடு வெப் (WEP) என்ற பலவீனமான பூட்டை மாட்டிக்கொண்டு வந்தது. 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் அந்தப் பூட்டின் அடிப்படையையே உடைத்துக் காட்டினார்கள். அவசரமாக 2003இல் டபிள்யூபிஏ, அடுத்த ஆண்டு முழுமையான 802.11i தரநிலையும் டபிள்யூபிஏ2வும் வந்தன. பெரிய நிறுவனங்களுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காமல், கையில் இருந்த 802.1எக்ஸ், ஈஏபி, ரேடியஸ் மூன்றையும் கோத்துக் கொடுத்தார்கள்.

பழைய பாகங்களைக் கோத்ததில் ஒரு நுட்பமான இடைவெளி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. டயல்-அப்பில் நாம் ஒரு குறிப்பிட்ட தொலைபேசி எண்ணை அழைத்தோம். கம்பி நெட்வொர்க்கில் கட்டடத்தின் சுவரில் இருந்த துளையில் செருகினோம். எதிரில் இருப்பது யார் என்ற சந்தேகம் பெரிதாக எழ வாய்ப்பில்லை. காற்றில் அப்படி இல்லை. எந்தப் பெயரையும் யாரும் ஒலிபரப்பலாம்.

கதவுக்கு வெளியே நடக்கும் உரையாடல்

இணையும் கணத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள். ஒருவர், நம் கணினியில் இருக்கும் இணைப்பு மென்பொருள். இரண்டாமவர், கூரையில் தொங்கி வைஃபையை ஒலிபரப்பும் அக்சஸ் பாயின்ட். மூன்றாமவர், எங்கோ உள்ளறையில் இருக்கும் ரேடியஸ் சர்வர். அக்சஸ் பாயின்ட் இங்கே வாசல் காவலர் மட்டுமே. அதற்கு நம் கடவுச்சொல் தெரியாது, தெரியவும் கூடாது. சர்வரோடு பேசும் ஒரே ஒரு சிறு வழியை மட்டும் அது திறந்து வைக்கிறது. மற்ற எல்லாமே அடைப்பு. இணைய முகவரிகூட இன்னும் கிடைத்திருக்காது.

அந்தச் சிறு வழியில் கணினியும் சர்வரும் முதலில் ஒரு குறியாக்கச் சுரங்கத்தை அமைத்துக்கொள்கின்றன. பாதுகாப்பான வலைத்தளங்களில் பயன்படும் அதே டிஎல்எஸ் தொழில்நுட்பம்தான். சுரங்கம் அமைக்கும்போது சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். அதற்குப் பிறகுதான் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சுரங்கத்தின் உள்ளே போக வேண்டும். சர்வர் ஏற்றுக்கொண்டால், இரு பக்கமும் ஒரே சாவியைத் தனித்தனியே கணக்கிடும். சர்வர் அதை அக்சஸ் பாயின்டுக்குக் கொடுக்கும். கதவு திறக்கும். இவர் மாணவரா, ஆசிரியரா, எந்தப் பிரிவு நெட்வொர்க்கில் சேர்க்க வேண்டும் என்பதையும் சர்வரே அந்தப் பதிலோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

சுரங்கத்துக்குள் கடவுச்சொல் எப்படிப் போகிறது என்பதில் வகைகள் உண்டு. மிகப் பரவலானது பீப் என்ற உறைக்குள் எம்எஸ்-சாப் வி2. டிடிஎல்எஸ் என்ற உறைக்குள் பாப் என்பதும் பல இடங்களில் உண்டு. அமைப்புப் பக்கத்தில் இந்தப் பெயர்களைப் பார்த்துக் குழம்புபவர்கள் அதிகம். நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் எதைச் சொல்கிறதோ அதுதான்.

பெயருக்கும் முகவரிக்கும் தொடர்பில்லை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சான்றிதழைச் சரிபார்ப்பது எப்படி என்று கணினிக்குத் தெரியாதா? உலாவி தினமும் நம்மைத் தொந்தரவு செய்யாமல் அதைச் செய்கிறதே?

உலாவிக்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் முகவரிக் கட்டத்தில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். வருகிற சான்றிதழில் அதே பெயர் இருக்கிறதா என்று உலாவி ஒப்பிட்டுக்கொள்கிறது. வைஃபையில் நாம் தேர்ந்தெடுப்பது நெட்வொர்க்கின் பெயரை. சான்றிதழில் இருப்பதோ ரேடியஸ் சர்வரின் பெயர். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நெட்வொர்க் பெயரை யாரும் எங்கும் பதிவு செய்வதில்லை. அதற்கு உரிமையாளர் என்று ஒருவர் கிடையாது. ஆகவே ‘இந்தப் பெயர் கொண்ட வைஃபைக்கு இந்தச் சர்வர்தான் சரியானது’ என்பதைக் கணினி தானாக அறிய வழியே இல்லை. முன்கூட்டி யாராவது அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்காதபோது, அது நம்மிடம் கேட்கிறது. அதுதான் அந்தச் சிறு பெட்டி.

அந்தக் கேள்விக்கு நம்மிடமும் பதில் இல்லை. பெட்டியில் ஒரு சர்வர் பெயரும், விரித்துப் பார்த்தால் எண்ணும் எழுத்துமாக, அந்தச் சான்றிதழை அடையாளம் காட்டும் ஒரு நீண்ட ‘கைரேகை’யும் இருக்கும். பல்கலைக்கழகம் தன் தளத்தில் அந்தக் கைரேகையை வெளியிட்டிருந்தால் ஒப்பிடலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. மக்களின் அலட்சியம் என்று இதைச் சொல்லிவிடக்கூடாது. விடை அறிய முடியாத கேள்வியை, அவசரத்தில் நிற்கும் மனிதரிடம் கேட்பது வடிவமைப்பின் குறை.

இந்த இடைவெளியில் நுழைபவர் என்ன செய்வார்? ஒரு சிறிய கணினியும் வைஃபை அட்டையும் போதும். பல்கலைக்கழக நெட்வொர்க்கின் அதே பெயரை ஒலிபரப்பி, தனக்கென ஒரு ரேடியஸ் சர்வரையும் அதிலேயே ஓட்டுவார். கணினிகள் தெரிந்த பெயரைக் கண்டால் தாமாகவே இணையப் பார்க்கும். பழைய டபிள்யூபிஏ2 அமைப்புகளில், உண்மையான இணைப்பைத் துண்டிக்கும் போலிச் செய்தியை அனுப்பி ஒரு கணினியைத் தன் பக்கம் தள்ளவும் முடியும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 அந்தக் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் போலிப் பெயர் வேலை செய்ய டபிள்யூபிஏ3 தடையல்ல. சான்றிதழ் சோதனை மட்டுமே தடை.

சோதனை இல்லாத கணினி போலிச் சர்வரோடு சுரங்கம் அமைக்கும். குறியாக்கம் கச்சிதமாக இருக்கும். சுரங்கத்தின் மறுமுனையில் நிற்பவர்தான் வேறு ஆள். டிடிஎல்எஸ்-பாப் முறையானால் கடவுச்சொல் அப்படியே, எழுத்து எழுத்தாக அவர் கையில் விழும்.

பீப் முறையில் கடவுச்சொல் நேரடியாகப் போவதில்லை, கணக்கிட்ட விடைதான் போகிறது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலுக்கு 2012இலேயே முடிவு வந்துவிட்டது. எம்எஸ்-சாப் வி2 கடவுச்சொல்லை 16 பைட் ஹேஷாக (திருப்பிக் கணக்கிட முடியாத சுருக்கமாக) மாற்றி, 5 பூஜ்ஜிய பைட்களைச் சேர்த்து 21 ஆக்கி, ஏழேழு பைட்டாக மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் டிஇஎஸ் என்ற பழைய குறியாக்கத்தின் சாவியாகப் பயன்படுத்துகிறது. மூன்றாவது துண்டில் உண்மையான பைட்கள் இரண்டே. அதற்கு 65,536 வாய்ப்புகள்தான், நொடியில் முடியும். முதல் இரண்டும் ஒரே செய்தியைக் குறியாக்கம் செய்வதால், சாத்தியமான எல்லாச் சாவிகளையும் ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் இரண்டும் அகப்பட்டுவிடும். அதாவது 2இன் 56ஆம் அடுக்கு முயற்சிகள். 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் இதற்கென அமைத்த இயந்திரத்தில் ஒரு நாளுக்குள் முடியும் வேலை இது என்று காட்டினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது: கடவுச்சொல் எவ்வளவு நீளம், எவ்வளவு சிக்கல் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. 6 எழுத்தானாலும் 60 எழுத்தானாலும் அதே உழைப்புதான். கிடைக்கும் ஹேஷை வைத்துக்கொண்டே அந்தப் பயனரின் பெயரில் வைஃபைக்குள் நுழையலாம், மூலச் சொல் தேவையில்லை. எளிய கடவுச்சொல் என்றால் இவ்வளவு கூட வேண்டாம், அகராதிச் சொற்களை ஓட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆக, எம்எஸ்-சாப் வி2வை இன்று காப்பது அதைச் சுற்றியிருக்கும் சுரங்கம் ஒன்றுதான். சுரங்கத்தைக் காப்பது சான்றிதழ் சோதனை.

பல பல்கலைக்கழகங்களில் வைஃபை கடவுச்சொல்லும் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் ஒன்றே. மதிப்பெண், கட்டண விவரம், ஆய்வுக் கோப்புகள் எல்லாம் அதே சாவியில் திறக்கும். போவது இணைய வசதி மட்டும் அல்ல.

கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது

கணினியிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டிச் சொல்ல வேண்டும்: எந்த ரூட் சான்றிதழ் நிறுவனம் (மற்றச் சான்றிதழ்களுக்கு மூலமாகக் கையெழுத்திடுவது) கையெழுத்திட்டதை ஏற்க வேண்டும், சர்வரின் பெயர் என்னவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வேண்டும். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டால் பாதிக் கதவுதான் மூடியது. பொதுச் சான்றிதழ் நிறுவனம் எவருக்கும் அவரவர் டொமைன் பெயருக்குச் சான்றிதழ் கொடுக்கும். திருடர் தன் சொந்த டொமைனுக்கு முறைப்படி ஒன்றை வாங்கி வந்து நீட்டினால், பெயரைப் பார்க்காத கணினி அதையும் ஏற்றுக்கொள்ளும்.

கையால் இவற்றையெல்லாம் நிரப்புவதைவிட, பல்கலைக்கழகம் தரும் அமைப்புக் கோப்பையோ நிறுவல் செயலியையோ ஓட்டுவது எவ்வளவோ மேல். விண்டோஸுக்கு ஒரு சிறு நிறுவல் நிரல், மேக்குக்கு அமைப்பு சுயவிவரக் கோப்பு, லினக்ஸுக்கு ஒரு ஸ்கிரிப்ட் என்று கிடைக்கும். எடுரோம் என்ற பன்னாட்டுப் பல்கலைக்கழக வைஃபை ஏற்பாட்டில் சேர்ந்த நிறுவனங்களுக்குக் கேட் (CAT) என்ற பொதுக் கருவி இந்தக் கோப்புகளைத் தயாரித்துக் கொடுக்கிறது. இவை ரூட் சான்றிதழ், சர்வர் பெயர், உறை வகை எல்லாவற்றையும் ஒரே அடியில் பதித்துவிடும். ஒருமுறை ஓட்டிய பிறகு அந்த ‘நம்பலாமா’ பெட்டி மீண்டும் வரவே கூடாது. வந்தால் அது எச்சரிக்கை, அழுத்திக் கடக்க வேண்டிய தொல்லை அல்ல.

விண்டோஸில் பட்டியலிலிருந்து நேரடியாகப் பெயரைத் தொட்டு இணைத்தால், இந்த இடத்தில் இந்த நெட்வொர்க்கை எதிர்பார்த்தால் தொடருங்கள், இல்லையேல் இதே பெயரில் வேறொன்றாக இருக்கலாம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். நேர்மையான வாக்கியம். மேக்கில் சான்றிதழ் படத்தோடு கேட்கும், ஏற்றுக்கொண்டால் கடவுச்சொற்களைச் சேமிக்கும் கீசெயினில் பதிந்துகொள்ளும். லினக்ஸில்தான் அதிக ஆபத்து. ‘சிஏ (சான்றிதழ் நிறுவனம்) சான்றிதழ் தேவையில்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் எந்தக் கேள்வியும் இல்லாமல் இணைந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பலவும் அதைத்தான் செய்யச் சொல்கின்றன. அதை விட்டு ரூட் சான்றிதழையும் டொமைன் பெயரையும் நிரப்ப இரண்டு நிமிடம் ஆகாது. கைபேசிப் பக்கத்தில் ஆண்ட்ராய்டு ஒரு நல்ல முடிவை எடுத்தது: 2020 டிசம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 11 மேம்பாட்டிலிருந்து ‘சரிபார்க்க வேண்டாம்’ என்ற தேர்வையே எடுத்துவிட்டார்கள். அன்று பல உதவி மையங்களில் கூட்டம் கூடியிருக்கும். ஆனால் தவறான வழிகாட்டித் தாள்கள் திருத்தப்பட்டதும் அதனால்தான்.

சான்றிதழின் ஆயுளும் இங்கே ஒரு சிக்கல். பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 2020 செப்டம்பரில் அதிகபட்சம் 398 நாளாகக் குறைக்கப்பட்டது. சான்றிதழ் நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி அது படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாகும். வலைத்தளங்களுக்கு இது நல்லதே. வைஃபையில் கையால் ‘நம்பு’ என்று அழுத்தி இணைந்த மேக்குகள் நினைவில் வைப்பது அந்த ஒரு சான்றிதழை. அது புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பெட்டி மறுபடி எழும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ‘சரி’ அழுத்தப் பழகியவர், போலிச் சர்வர் கேட்கும்போதும் ‘சரி’ என்றுதான் அழுத்துவார். தனக்கெனச் சொந்த ரூட் சான்றிதழ் வைத்துக்கொண்டு, நீண்ட ஆயுளோடு சர்வர் சான்றிதழை அதிலிருந்து வழங்கும் பல்கலைக்கழகங்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கின்றன. அதற்கு விலை, அந்த ரூட்டை ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டும். என் கருத்தில் அந்த விலை கொடுக்கத் தகும்.

இணையாதபோது எங்கே பார்ப்பது

கடவுச்சொல் சரி, எல்லாம் சரி, ஆனாலும் இணையவில்லை என்றால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். சான்றிதழ் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்பதைக் கணினி தன் கடிகாரத்தோடுதான் ஒப்பிடுகிறது. மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினி, மின்சாரம் அற்றதும் பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடும். அதன் பார்வையில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. இணையம் இருந்தால் நேரம் தானாகத் திருந்தும். நேரம் சரியாக இருந்தால்தான் இணையமே கிடைக்கும். இந்த முடிச்சைக் கையால் தேதி வைத்துத்தான் அவிழ்க்க வேண்டும்.

கடவுச்சொல்லை மாற்றிய பிறகு வரும் பிரச்சினை வேறு வகை. என் நண்பர் ஒருவருக்குக் கடவுச்சொல் மாற்றிய மறுநாளிலிருந்து கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டது. யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்று பயந்துபோனார். இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது, அவருடைய பையின் அடியில் கிடந்த பழைய டேப்லெட் ஒவ்வொரு அக்சஸ் பாயின்டைக் கடக்கும்போதும் பழைய கடவுச்சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. குறிப்பிட்ட தடவைக்கு மேல் தவறினால் கணக்கைப் பூட்டுவது சர்வரின் வழக்கம். ஆகவே கடவுச்சொல் மாற்றும் நாளில், நமக்குச் சொந்தமான எல்லாக் கருவிகளிலும் அந்த நெட்வொர்க்கை ‘மறக்க’ச் செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மிகப் பழைய கணினிகள் இன்னொரு சுவரில் முட்டும். விண்டோஸ் 7 இந்தச் சுரங்கத்துக்கு இயல்பாக டிஎல்எஸ் 1.0ஐப் பயன்படுத்தும். அதைச் சர்வர் நிறுத்திவிட்டால் கதவு திறக்காது. எதிர்ப்புறமும் நடப்பதுண்டு: லினக்ஸ் வகையான உபுண்டு 22.04 வந்தபோது அதிலிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் புதிய பதிப்பு, பழைய ரேடியஸ் சர்வர்களோடு பேச மறுத்தது. விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பில் எண்டர்பிரைஸ், எஜுகேஷன் வகைகளில் கிரெடென்ஷியல் கார்ட் என்ற காப்பு, தகுதியுள்ள கணினிகளில் தானாக இயங்கத் தொடங்கியதும், விண்டோஸ் உள்நுழைவையே வைஃபைக்கும் எடுத்துக்கொள்ளும் எம்எஸ்-சாப் வி2 அமைப்புகள் நின்றுபோயின. இவற்றில் பயனர் செய்த தவறு எதுவும் இல்லை. உதவி மையத்துக்குப் போகும்போது இயங்குதளத்தின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பாதி நேரம் மிச்சம்.

பிரின்டர், தொலைக்காட்சி, விளையாட்டுப் பெட்டி போன்றவற்றில் பலவற்றுக்கு 802.1எக்ஸ் பேசவே தெரியாது. அவற்றை எவ்வளவு முயன்றாலும் இந்த நெட்வொர்க்கில் சேர்க்க முடியாது. அதற்கெனத் தனி நெட்வொர்க் இருக்கிறதா என்று கேட்பதுதான் வழி.

ஊர் கடந்து வேலை செய்யும் பயனர்பெயர்

எடுரோம் என்ற ஏற்பாட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2002இல் நெதர்லாந்தின் கல்வி, ஆய்வு நெட்வொர்க்கான சர்ஃப்நெட்டைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்தது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் லேப்டாப்பைத் திறந்தால், எந்த விண்ணப்பமும் இல்லாமல் தன் சொந்தக் கணக்கிலேயே வைஃபை கிடைக்கும்.

அது நடக்கும் விதம் அழகானது. பயனர்பெயரில் அட் குறிக்குப் பின்னால் வரும் நிறுவனப் பெயரைப் பார்த்து, அங்குள்ள ரேடியஸ் சர்வர் கோரிக்கையை நாட்டுச் சர்வருக்கும், அது மேல்மட்டச் சர்வருக்கும் தள்ளி, கடைசியில் சொந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வர்வரை சேர்க்கும். சுரங்கம் அமைவது நம் கணினிக்கும் நம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே. நடுவில் இருக்கும் யாருக்கும் கடவுச்சொல் தெரியாது. சுரங்கத்துக்கு வெளியே தெரியும் பெயரில் ‘அனானிமஸ்’ என்று வைத்து நிறுவனப் பெயரை மட்டும் காட்டினால், போன இடத்துக்கு நம் பயனர்பெயர்கூடத் தெரியாது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அட் குறியும் நிறுவனப் பெயரும் இல்லாத பயனர்பெயர் சொந்த வளாகத்தில் வேலை செய்துவிடலாம், கோரிக்கை வெளியே போக வேண்டிய தேவையே அங்கு இல்லையே. வெளியூர் போனதும் எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நின்றுவிடும். போன இடத்தில் உள்ளவர்களாலும் அதைச் சரிசெய்ய முடியாது. எனவே பயணத்துக்கு முன்பே முழுப் பெயரோடு ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட வேண்டும். கோப்பை நிறுவுவதும் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை. அங்கே போய் அதைப் பதிவிறக்க இணையம் வேண்டும் அல்லவா?

கடவுச்சொல்லே இல்லாமல்

இந்தக் கவலைகளில் பெரும்பகுதியை நீக்கும் வழி ஒன்று 1999இலிருந்தே இருக்கிறது. ஈஏபி-டிஎல்எஸ் முறையில் சர்வர் சான்றிதழ் காட்டுவதுபோல நம் கணினியும் தன் சான்றிதழைக் காட்டும். கடவுச்சொல் பேச்சிலேயே இல்லை. போலிச் சர்வரிடம் ஏமாந்தாலும் திருடிக்கொண்டு போக ஒன்றும் கிடைக்காது. கடவுச்சொல்லை மாற்றினாலும் வைஃபை அறாது. லேப்டாப் தொலைந்தால் அந்த ஒரு சான்றிதழை மட்டும் ரத்து செய்தால் போதும், மற்றக் கருவிகள் வழக்கம்போல் இயங்கும். ஒவ்வொருவரின் ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சான்றிதழ் வழங்கிப் பராமரிப்பது பெரிய வேலை என்பதால் பல இடங்கள் தள்ளிப்போட்டு வந்தன. நிறுவல் செயலிகள் அந்த வேலையைக் குறைத்துவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் இரண்டு முறைகளையும் தருகிறது என்றால் யோசிக்காமல் சான்றிதழ் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் இந்தக் குறியாக்கம் காப்பது நம் கணினிக்கும் கூரையில் உள்ள அக்சஸ் பாயின்டுக்கும் இடையே உள்ள காற்றை மட்டும்தான். அதற்கு அப்பால் வலைத்தளத்தின் சொந்தக் குறியாக்கம்தான் துணை. எந்தக் கணக்கு எப்போது எங்கே இணைந்தது என்பதையும் பல்கலைக்கழகம் பதிவு செய்து வைக்கலாம்.

படிப்பு முடித்து வெளியேறும்போது செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கின் அமைப்பு அப்படியே இருந்தால், அதே பெயரை எங்கே கண்டாலும் அது இணைய முயன்றுகொண்டிருக்கும். அதை அழித்துவிட வேண்டும். பல்கலைக்கழகத்தின் சொந்த ரூட் சான்றிதழை நிறுவியிருந்தால் அதையும் நீக்க வேண்டும். விண்டோஸின் நம்பகமான ரூட் பட்டியலில் சேர்ந்த சான்றிதழை வைஃபை மட்டும் அல்ல, வலைத்தளங்களைத் திறக்கும்போதும் கணினி நம்பும். நிறுவும்போதும் அதே காரணத்தால்தான், அந்தக் கோப்பைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திலிருந்து, வீட்டு இணைப்பிலோ கைபேசித் தரவிலோ பதிவிறக்க வேண்டும். நண்பர் அனுப்பிய நகலை ஓட்டக்கூடாது.